ரோஸின் மூக்கும் கஸ்பாரின் வலது காதும்

ரோஸைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் மூக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். அழகான மூக்கு என்று யாரும் சொன்னதில்லை. கொஞ்சம் சப்பைதான். ஆனால் அந்த மூக்குக்குத் தெரியாத சங்கதி தூத்துக்குடியில் கிடையாது. பக்கத்து வீட்டில் குழம்பு கொதிக்கும்போதே மீன் நேற்றையதா இன்றையதா என்று தன் குசினியில் இருந்தபடி சொல்லிவிடுவாள். மனதோடு வைத்துக்கொண்டால் தேவலை, வாயை விட்டுச் சொல்லிவிடுவாள். அதனால் தெருவில் பாதிப் பேர் அவளுக்குச் சிநேகிதம், மீதிப் பேர் மனஸ்தாபம்.

பெரியதாழையில் பிறந்து தூத்துக்குடிக்கு வாக்கப்பட்டு வந்தவள். ஒரே மகள், அவளையும் மணப்பாட்டில் கட்டிக்கொடுத்தாயிற்று. நாற்பது வயதில் ரோஸுக்கு வேலை மக்தூம் முதலாளியின் தைலக் கம்பெனியில். கம்பெனி என்றதும் பெரிதாக எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு அறை, ஒரு தண்ணீர்க் குழாய், நான்கு பெண்கள், அவ்வளவுதான். ஊட்டியிலிருந்து தகர டின்னில் யூக்கலிப்டஸ் எண்ணெய் வரும். கொச்சியிலிருந்து எலுமிச்சம்புல்லில் வடித்த புல்லெண்ணெய் வரும். அதையெல்லாம் சின்னச் சின்னச் சீசாவில் ஊற்றி, மூடி, லேபிள் ஒட்டி அனுப்புவார்கள்.

சீசாக்கள் பழையவை, சாக்குமூட்டையில் வரும். சோடா உப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, ஒவ்வொன்றையும் மோந்து பார்ப்பது ரோஸின் வேலை. "இதுல இருமல் மருந்து இருந்திருக்கு. இது மண்ணெண்ணெய், தூரப் போடுங்க. இது எவளோ பவுசா முடிக்குத் தடவுன எண்ணெய்." இப்படிச் சொல்லிக்கொண்டே பிரிப்பாள். காயல்பட்டணத்துக்காரரான மக்தூம் முதலாளி வார்த்தையை எண்ணிச் செலவழிக்கிற மனுஷர். அவரே ஒரு தரம், "இந்தப் புள்ள மூக்குல அல்லா பரக்கத்து வச்சிருக்கான்" என்று சொன்னாராம். அதைப் பத்து வருஷமாக ரோஸ் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனால் பாருங்கள், அந்தப் பத்து வருஷத்தில் ஒரு சொட்டு எண்ணெய்கூட அவள் வீட்டுக்குப் போனதில்லை. திருட்டுக்குப் பயந்து அல்ல. "இதெல்லாம் பட்டணத்துச் சீமாட்டிகளுக்கு. நமக்குச் சுக்கும் மொளகும் போதும்" என்பது அவள் எண்ணம். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு சளி. எழுபத்தாறாம் வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அவள் புருஷன் கஸ்பாருக்குப் பிடித்த சளி.

கஸ்பார் சங்கு குளிக்கிறவர். படகு முதலாளியான சந்தியாகு சம்மாட்டியின் வள்ளத்தில் பதினெட்டு வருஷமாக அவருக்கு இடம். ஏழு பாக ஆழத்துக்கு, அதாவது நாற்பது அடிக்கு மேல், மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, தரையைத் துழாவி, இரண்டு கையிலும் சங்கோடு மேலே வருவார். கடலுக்குள் இறங்க இறங்கக் காதை அமுக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளுக்குள் ஊதினால் காது 'டப்'பென்று திறக்கும், பிறகு இறங்கலாம். மூக்கு அடைத்திருந்தால் காது திறக்காது. திறக்காத காதோடு இறங்கினால் என்ன ஆகும் என்பதற்குக் கஸ்பாரே சாட்சி. ஏழு வருஷத்துக்கு முன்னால் சளியோடு இறங்கி இடது காதைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர் அவர்.

அன்றிலிருந்து ரோஸ் நல்ல பேச்சையெல்லாம் அவருடைய வலது பக்கம் நின்று பேசுவாள், வசவையெல்லாம் இடது பக்கம் நின்று முணுமுணுப்பாள். சண்டையில்லாத குடும்பம் என்று தெருவில் பெயர் வாங்கியது அப்படித்தான்.

இப்போது மறுபடியும் சளி. பொங்கல் கழிந்து வருகிற திங்கட்கிழமை அந்த வருஷச் சங்கு குளிப்புக்குக் கடலில் முதல் வள்ளம். சந்தியாகு சம்மாட்டி ஒரு சட்டம் வைத்திருந்தார்: முதல் நாள் வராதவன் இடம் அந்த வருஷம் அடுத்தவனுக்கு. பெரியாஸ்பத்திரி டாக்டரோ மாத்திரையைக் கொடுத்து, "இருக்கிறது ஒரு காது. மூக்கு நல்லா திறக்கிறவரைக்கும் தண்ணிக்குள்ள தலையை விடாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இடமா, காதா? ரோஸுக்கு இரண்டும் வேண்டும்.

"ஏளா, சளிதான? ரெண்டு முக்கு முக்குனா உப்புத்தண்ணி எல்லாத்தையும் கழுவிட்டுப் போயிரும்" என்றார் கஸ்பார்.

"போன தடவையும் இதைத்தான் சொன்னீரு. காதைக் கழுவிட்டுல்லா போச்சு!"

அன்று வியாழக்கிழமை. கம்பெனிக்குப் போனதும் அவள் சீசா மூட்டையை அவிழ்க்காமல் முதலாளி மேசைக்கு முன்னால் போய் நின்றாள். விஷயத்தைச் சொன்னாள். மக்தூம் முழுவதும் கேட்டுவிட்டு அலமாரியிலிருந்து கட்டைவிரல் உயரத்தில் இரண்டு சீசாக்களை எடுத்து வைத்தார்.

"இது யூக்கலிப்டஸ். இது புல்லெண்ணெய். கொதிக்கிற தண்ணிய எறக்கி வச்சு யூக்கலிப்டஸ் மூணு சொட்டு. கண்ணை மூடிக்கிட்டு வேது பிடிக்கணும். நாலாவது சொட்டு பேராசை. தோல்ல நேராப் படக் கூடாது. நெஞ்சுல தடவணும்னா ஒரு கரண்டி தேங்காயெண்ணெயில அஞ்சு சொட்டு கலந்துக்க. மொதல்ல முழங்கை மடிப்புல தொட்டு வச்சுப் பாரு, எரிஞ்சா வுட்டுரு."

"புல்லெண்ணெய்?"

"அது மனசுக்கு. வேலைக்குப் போவாம வீட்டுல கெடக்குற ஆம்பளைக்கு மூஞ்சி சுருங்கிரும். கைக்குட்டையில ஒரு சொட்டு விட்டுக் குடு. புள்ளைங்க கைக்கு எட்டாம வையி."

"எங்க வீட்டுல சின்னப் புள்ளையே இல்லையே மொதலாளி."

"கஸ்பார் இருக்காருல்ல?" என்றார் மக்தூம், சிரிக்காமல்.

அவள் கிளம்பும்போது அவரே கூப்பிட்டு இன்னொரு வார்த்தையும் சொன்னார். "ரோஸு, இது கதவைத் தொறக்கும். வீட்டைக் கூட்டாது. கூட்டுறதுக்கு ஒடம்புக்கு நாள் வேணும், பாத்துக்க."

சாயங்காலம் ரோஸ் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, மூன்று சொட்டை எண்ணி விட்டு, கஸ்பாரைப் பானைக்கு முன்னால் உட்காரவைத்துப் போர்வையால் மூடினாள். "என்னை அவிச்சுத் திங்கப் போறியாளா?" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. பிறகு ஒரு பெருமூச்சு வந்தது. போர்வையை விலக்கினால் மனுஷர் வியர்த்து, கண்ணை மூடிக்கொண்டு, கோயிலில் இருப்பவர்போல் அமைதியாக இருந்தார். மூக்கின் ஒரு பக்கம் திறந்திருந்தது. வீடு முழுக்க ஊட்டிக் காற்று. ரோஸ் ஊட்டியைப் பார்த்ததில்லை, ஆனால் பத்து வருஷமாக மோந்திருக்கிறாளே.

கம்பெனியில் டின்னைத் திறக்கும்போது மூக்கில் ஏறுகிற காரம் வேறு, வீட்டில் மூன்று சொட்டில் வருகிற இந்த மணம் வேறு என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் பட்டது. அட, இத்தனை நாள் இதைக் கொண்டுபோய்க் கொண்டுபோய் ஊராருக்கு ஊற்றிக் கொடுத்தோமே என்று தன்மீதே கோபம் வந்தது. தனக்கும் கைக்குட்டையில் ஒரு சொட்டுப் புல்லெண்ணெய் விட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறினதுபோல் மணம். மனசு லேசாயிற்று.

வெள்ளிக்கிழமை நல்லபடியாகப் போயிற்று. சனிக்கிழமை வந்தது வினை.

சனிக்கிழமை கஸ்பாருக்கு எண்ணெய்க் குளியல். வாரமெல்லாம் உப்புத் தண்ணீரில் கிடக்கிறவன் சனிக்கிழமை எண்ணெய் தேய்க்காவிட்டால் கருவாடாகிவிடுவான் என்பது அவர் கட்சி. ரோஸுக்கு அன்று கம்பெனி அரை நாள். மத்தியானம் திரும்பி வருகிறாள், தெருமுனையிலேயே அவள் மூக்கு அவளைப் பிடித்து நிறுத்தியது. யூக்கலிப்டஸ்! மூன்று சொட்டு அல்ல, முப்பது சொட்டும் அல்ல. "மாதாவே!" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள்.

கொல்லைப்புறத்தில் கஸ்பார் கோவணத்தோடு குதித்துக்கொண்டிருந்தார். குடம் குடமாகத் தலையில் தண்ணீரை ஊற்றுகிறார், ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு குதி.

"ஏளா, தல எரியுது! இல்ல, குளுருது! இல்லளா, எரியுது!"

"தண்ணிய ஊத்தாதீரும்! கண்ணை இறுக்க மூடிக்கும்!"

எண்ணெய்க்குத் தண்ணீர் பகை என்பது குசினிக்காரிக்குத் தெரியாதா? தேங்காயெண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்து உச்சியில் ஊற்றி, பழைய வேட்டியால் துடைத்து, மறுபடி ஊற்றி, மறுபடி துடைத்து, மூன்றாவது தடவைக்குப் பிறகுதான் குதி நின்றது. உச்சந்தலை செக்கச்செவேல் என்று இருந்தது. நல்லவேளை, கண்ணில் படவில்லை.

"உள்ளங்கை நெறைய ஊத்தினீராக்கும்?"

"எண்ணெய்னா உள்ளங்கையில ஊத்தி உச்சியில வச்சு அறையத்தான செய்வாவ? மூணு சொட்டுப் பொகைக்கே ஒரு பக்கம் தொறந்துச்சே, ஒரு கை ஊத்துனா சளி வேரோட போயிரும்னு பாத்தேன்."

மக்தூம் முதலாளி சிரிக்காமல் சொன்னது அப்போதுதான் ரோஸுக்கு உறைத்தது. உட்கார்ந்து சிரித்தாள் பாருங்கள், துவைகல்லைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். கஸ்பார் முதலில் முறைத்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்தில் மூச்சை இழுத்தார், இழுத்தவர் அப்படியே நின்றார்.

"ஏளா! ரெண்டு பக்கமும் தொறந்துட்டு! திங்கக்கெழம எறங்கிருவேன்!"

கோயிலில் சாயங்கால மணி அடிக்குமுன் இரண்டு பக்கமும் மறுபடி அடைத்துக்கொண்டது. கதவைத் திறக்கும், வீட்டைக் கூட்டாது. அந்த மக்தூம் ஒரு வார்த்தை வீணாகச் சொல்ல மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பங்குச் சாமியார் கடற்கரைக்கு வந்து வள்ளங்களை மந்திரித்து ஆசீர்வதித்தார். வீட்டுக்கு வரும் வழியிலேயே கஸ்பார் தன் திட்டத்தைச் சொல்லிவிட்டார். "சீசாவ இடுப்புல கட்டிக்கிடுதேன். எறங்குறதுக்கு முன்னால ஒரு மோப்பு. போயிட்டு வர அது போதும்."

"ஏழு பாகத்துக்குக் கீழ போயி அது மறுபடி அடைச்சுக்கிட்டா, அங்கன எந்த மக்தூம் வந்து மூடி தொறப்பாரு?"

"பொம்பளைக்குக் கடலைப் பத்தி என்ன தெரியும்?"

ரோஸ் நடையை எட்டிப்போட்டாள். வீட்டுக்குள் போனதும் அவருடைய வலது பக்கத்துக்குப் பின்னால், இரண்டடி தள்ளி நின்று, வழக்கமாகப் பேசுகிற சத்தத்தில் ஏதோ சொன்னாள்.

கஸ்பார் திரும்பவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

அவள் முன்னால் வந்தாள். "நான் சொன்னது கேட்டுதா?"

"கேட்டுது."

"என்ன சொன்னேன்?"

மனுஷர் வலது காதைச் சுண்டுவிரலால் குடைந்தார். சளி வலது காதையும் பாதி மூடியிருந்தது. அது அவருக்கே அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

"இந்தக் காதும் போயிட்டுன்னா நான் யாருகிட்டய்யா பேசுவேன்னு கேட்டேன்" என்றாள் ரோஸ். சொல்லும்போதே அழுகை முட்டியது. மகள் போனபிறகு அந்த வீட்டில் அவள் பேச்சைக் கேட்பதற்கு இருந்தது அந்த ஒரு காதுதான். அது அவளுக்குச் சம்மாட்டி வள்ளத்தைவிடப் பெரிசு.

கஸ்பார் நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப இந்த வருசம் எடம் போச்சு" என்றார். அதற்கு மேல் தர்க்கம் பண்ணவில்லை. அப்படி அடங்கி அவரை ரோஸ் பார்த்ததே இல்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் அவருக்கு வேது பிடிக்கத் தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு ரோஸ் கடற்கரைக்கு நடந்தாள். கையில் கஸ்பாரின் மால். சங்கை அள்ளிப் போட்டு இடுப்பில் கட்டிக்கொள்ளும் வலைப்பை அது. குளிகாரர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. முதல் நாளில் ஒருவனுக்குத் தவிர்க்க முடியாத காரியம் வந்துவிட்டால், தன் மாலை அண்ணன் தம்பி கையில் கொடுத்தனுப்பி வள்ளத்தில் போடச் சொல்வான். மால் இருந்தால் ஆள் இருக்கிற கணக்கு. ஆனால் பெண்சாதி கையில் யாரும் கொடுத்தனுப்பியதில்லை. கஸ்பாருக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை, கொடுத்தனுப்பவும் இல்லை. ரோஸாக எடுத்து வந்துவிட்டாள்.

வள்ளத்தில் எல்லாரும் ஏறிவிட்டார்கள். "கஸ்பார் எங்க?" என்றார் சந்தியாகு சம்மாட்டி.

"இந்தா இருக்காருல்லா!" என்று மாலைத் தூக்கிக் காட்டினாள்.

வள்ளமே சிரித்தது. சம்மாட்டி சிரிக்கவில்லை. "ஏம்மா, இதை ஆம்பளையல்லா கொண்டாரணும்?"

"சம்மாட்டியாரே, பதினெட்டு வருசமா அவரைச் சோறு குடுத்துக் கடலுக்கு அனுப்புனது எந்த ஆம்பளை? அவருக்குக் காது ஒண்ணுதான் மிச்சம். செவிடனை ஏத்திட்டுப் போயி, மேல நின்னு கத்துனா அவருக்குக் கேக்குமா? ஒரு வாரம் பொறும். முழுசாக் கொண்டாந்து ஒப்படைக்கேன்."

சம்மாட்டி தாடையைத் தடவினார். காற்றில் மூக்கை உறிஞ்சி, "என்ன ஒம்மேல இப்பிடி மணக்குது?" என்றார்.

"கஸ்பாருக்கு வைத்தியம். யூக்கலிப்டஸ்."

"அடுத்த திங்கள் வரைக்கும்" என்று மாலை வாங்கி வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் போட்டார் சம்மாட்டி. "அதுக்கு மேல மாலுக்குச் சங்கு எடுக்கத் தெரியாதும்மா."

விஷயம் தெரிந்ததும் கஸ்பார் எம்பிக் குதித்தார். "பொம்பள போயி வள்ளத்துல மாலைப் போட்டியா? ஊரு என்னைக் காறித் துப்பாதா?" என்று கத்திக்கொண்டே இருந்தவருக்குத் தும்மல் வந்துவிட்டது. ஆறு தும்மல். தும்மி முடித்ததும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "சம்மாட்டி என்ன சொன்னாரு?" என்று கேட்டார், கொஞ்சம் பெருமையாகவே.

அந்த ஒரு வாரம் ரோஸ் பிடித்தபிடி விடவில்லை. காலையில் மூன்று சொட்டு, சாயங்காலம் மூன்று சொட்டு. சீசாக்கள் இரண்டும் அலமாரியில், சாவி அவள் இடுப்பில். படுக்குமுன் தேங்காயெண்ணெயில் கலந்து நெஞ்சிலும் முதுகிலும் தடவுவாள். முழங்கை மடிப்பில் தொட்டுப் பார்க்காமல் தடவ மாட்டாள். "உச்சந்தலையிலயே பாத்தாச்சேளா, இன்னும் என்ன சோதனை?" என்பார் கஸ்பார். பகலில் வாசலில் உட்கார்ந்து, புல்லெண்ணெய்க் கைக்குட்டையை மோந்துகொண்டு, கிழிந்த வலைப்பைகளைப் பின்னிக்கொண்டிருப்பார். அவ்வழியே போகிறவர்கள் "என்ன கஸ்பார் அண்ணாச்சி, மாப்பிள்ளை மாதிரி மணக்கியோ" என்பார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

எதிர்வீட்டு ஜெயசெல்வி டீச்சர், நாசரேத்துக்காரி, பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஒற்றைத் தலைவலி என்று படுத்துவிடுவாள். தன் குழம்பை நேற்றைய மீன் என்று ரோஸ் சொன்னதிலிருந்து மனஸ்தாபக்காரி வேறு. அவளே வந்து, "ரோஸக்கா, அந்தக் கைக்குட்டையில எனக்கும் ஒரு சொட்டு" என்று நின்றாள். ரோஸ் நேற்றைய மீன் பேச்சையெல்லாம் மறந்து ஒரு சொட்டு விட்டுக் கொடுத்தாள். தலைவலி போயிற்றோ இல்லையோ, மனஸ்தாபம் போயிற்று.

சனிக்கிழமை கஸ்பார் மூக்கைப் பிடித்து ஊதினார். 'டப்.' ஞாயிற்றுக்கிழமை வேது பிடிக்காமலேயே ஊதினார். 'டப்.' அதற்குப் பிறகுதான் ரோஸ் தலையாட்டினாள்.

திங்கட்கிழமை அவர் கடலில், அவள் கம்பெனியில். கடல் நினைப்பில் அன்று அவள் மூக்கு வேலை செய்யவில்லை. மண்ணெண்ணெய்ச் சீசாவை நல்ல சீசாக்களோடு வைத்துவிட்டாள், பத்து வருஷத்தில் முதல் தடவை. மக்தூம் முதலாளி அதை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, "வீட்டுக்குப் போ புள்ள" என்றார்.

வீட்டுக்கு வந்து சோறு வடித்தாள், குழம்பு வைத்தாள். கஸ்பார் வந்தார். உடம்பெல்லாம் உப்புப் பூத்திருந்தது. வலைப்பையை ஆணியில் மாட்டினார், குளித்தார், வந்து பலகையில் உட்கார்ந்தார். எத்தனை சங்கு என்றும் சொல்லவில்லை, காது எப்படி என்றும் சொல்லவில்லை. கேட்பதற்கு ரோஸுக்குப் பயம். காது போயிருந்தால் அந்தக் கேள்வியே அவர் காதில் விழாதே என்ற பயம்.

பயம் முற்றினால் அவளுக்குக் கோபமாகத்தான் வரும். குழம்பை ஊற்றிவிட்டுக் குசினிக்குத் திரும்பி, அடுப்பைப் பார்த்தபடி, வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

"சம்மாட்டிகிட்டப் போயி நின்னது யாரு? மூணு மூணு சொட்டா எண்ணி ஊத்துனது யாரு? ஒரு வாய் வார்த்தை சொன்னா முத்தா உதுந்துரும்?"

"உதுராது" என்றார் கஸ்பார் பின்னாலிருந்து. "நீதான் போயி நின்ன, நீதான் எண்ணி ஊத்துன. போதுமாளா? குழம்புல உப்பு இல்ல."

ரோஸ் திரும்பவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அடுப்புக்கு முன்னால் நின்று, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாதபடி குலுங்கினாள். பிறகு உப்புச் சாடியை எடுத்துக்கொண்டு போய் அவருடைய வலது பக்கம் உட்கார்ந்தாள்.